காற்றுக்குக் கட்டிய சீட்டு

தள்ளு போக நாற்பத்தோராயிரம் கைக்கு வந்தது.
சீட்டு எடுத்ததை வீட்டில் சொன்னேன்,
எதற்கென்று மட்டும் சொல்லவில்லை.

ஐந்து ரோட்டில், எக்ஸ்ரே அறையில் வேலை எனக்கு.
நாளெல்லாம் அடுத்தவர் முதுகை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவள்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று
அறுபது தடவை சொல்பவள்.
இருபது கிலோமீட்டரைத் தனியாக,
கடிகாரத்தோடு மட்டும் மோதி ஓட்டும் பந்தயத்தில்
அந்த மூன்று சொல்லில்
நடுச்சொல் மட்டும் உதவாது.

புது வண்டிக்குக் கோயம்புத்தூரில் விலை கேட்டேன்.
அந்தப் பணத்துக்குக் கன்னங்குறிச்சியில்
ஒரு வீட்டை ஒத்திக்கு எடுக்கலாம்.

பழசு ஒன்று ஏற்காட்டில் இருப்பதாக
அடிவாரத்தில் பஞ்சர் ஒட்டும் சாதிக் சொன்னான்.
சமதளத்தில் பாய்வதற்கென்றே செய்த வண்டி,
இருபது கொண்டை ஊசிக்கு மேலே
காபித் தோட்டத்துக் கணக்கர் எமர்சன் வீட்டுச் சுவரில்.
ஏன் வாங்கினீர்கள் என்றேன்.
"அழகா இருந்துச்சு."
அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.
காய்கிற மிளகை மிதிக்காமல் சுற்றிப் போய்
ஆணியிலிருந்து இறக்கிக் கொடுத்தார்.

அலுமினியச் சட்டம், கார்பன் கவை.
எனக்கு ஓர் அளவு பெரிது.
வெல்டிங் ஓரமெல்லாம் டார்ச் அடித்து
முறிவு தேடினேன், தொழில் புத்தி.
இல்லை.
முப்பதில் நான் நின்றேன், முப்பத்தைந்தில் அவர்,
முப்பத்திரண்டில் மழை வந்தது.

"லக்கேஜா, ஆளா?" என்று கேட்டுவிட்டு
கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்தார்.
கடைசி சீட்டில், வளைவுக்கு ஒரு தரம்
கைப்பிடி என் விலாவில் இடித்துத்
தன் நீளத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது.

மிச்சம் ஒன்பதாயிரம்.
ஆழமான கார்பன் சக்கரம் போடுங்க என்றார்கள் எல்லாரும்.
ஜோடி எண்பதாயிரம்.
நான் கைப்பிடித் தண்டைக் குட்டையாக மாற்றினேன், எழுநூறு.
டயர் இரண்டு, நாலாயிரத்து இருநூறு.
அதில் பேரம் பேசவில்லை,
ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான்.
அப்புறம் முழங்கைத் திண்டுக்குக் கீழே
அடுக்கியிருந்த வளையங்களை
வாரத்துக்கு ஒன்றாகக் கழற்றினேன்.
காசில்லாத வேலை, முதுகு கட்டியது தவணையை.
பத்தில் எட்டுப் பங்கு காற்று
வண்டிமேல் மோதுவதில்லை,
என்மேல்தான்.

பின்சக்கரத்தை மூட வட்டத் தட்டு வேண்டும்.
சாதிக் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் கொண்டுவந்தான்,
யார் வீட்டுக் காதணி விழாவோ.
வட்டமாக வெட்டிக் கம்பிகளோடு டை போட்டு இறுக்கியதும்
கூலிங்கிளாஸ் தாய்மாமன்கள் மூவர்
அச்சைச் சுற்றிக் கைகூப்பி நின்றார்கள்.

ஞாயிறு விடியுமுன், கருப்பூர் தாண்டி.
புளித்த மாவு வாசம்,
மரவள்ளி லாரி ஒன்று முனகிக்கொண்டு போயிற்று.
இந்த வண்டியில் கியர் கொம்பின் நுனியில்,
பிரேக் ஓரத்தில்.
குனிந்துவிட்டால் நிறுத்துவது கைக்கு எட்டாது.
குனிந்தேன்.
சேர்வராயனிலிருந்து இறங்கிய காற்று
என்னைத் தேடி, கொஞ்சம் தாமதமாக,
முதுகின் மேல் தடவிவிட்டுப் போனது.
பின்னால் தாய்மாமன்கள் முகமற்று
ஒரே நிறமாக இரைந்தார்கள்.
திரும்பும் இடத்தில் தடுமாறினேன், கால் ஊன்றினேன்.
அந்த ஐந்து விநாடிக்கு எந்தக் கடையிலும் பாகம் கிடையாது.

போன தடவை முப்பத்தேழு ஐம்பது.
இந்தத் தடவை முப்பத்தைந்து நாற்பது.
செலவைப் போட்டு வகுத்தால்
விநாடி ஒன்று இருநூற்று எண்பத்து நாலு ரூபாய் சொச்சம்.
தங்கம் பரவாயில்லை.

அன்றைக்குத்தான் வண்டி வீட்டுக்குள் வந்தது.
செங்கோட்டுவேலு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்,
ஒரு தாய்மாமனைச் சுண்டிப் பார்த்தார்.
"எவ்வளவு?"
மூச்சு இன்னும் அடங்கவில்லை எனக்கு.
"முப்பத்தஞ்சு நாப்பது."
"அவ்வளவா?"
"அவ்வளவுதான்."